காத்திருப்பின் கணக்கு

2008ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் ஒரு சிறு காணொளி இணையத்தில் வெளியானது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர், ஹார்ட் டிஸ்க்குகள் வரிசையாகச் செருகப்பட்ட ஒரு பெட்டியின் முன் குனிந்து உரக்கக் கத்துகிறார். பிறகு திரையைக் காட்டுகிறார். டிஸ்க்குகள் ஒவ்வொரு கோரிக்கையையும் முடிக்க எத்தனை மில்லிநொடி எடுத்துக்கொண்டன என்பதைப் புள்ளிபுள்ளியாக வரையும் படம் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் கத்திய நொடிகளில் மட்டும் சில புள்ளிகள் மேலே எகிறி நிற்கின்றன.

டிஸ்க்குக்குள் சுழலும் தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி தகவலைப் படிக்கிறது ஒரு முனை. தட்டின் தடங்கள் அவ்வளவு நெருக்கமானவை என்பதால், குரலின் அதிர்வே முனையைத் தடம் விலக வைக்கப் போதும். விலகினால் டிஸ்க் மறுபடி முயல்கிறது. பிழைச் செய்தி எதையும் அது அனுப்புவதில்லை. பதில் சரியாகவே வருகிறது, தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். 2016 செப்டம்பரில் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் ஐஎன்ஜி வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு வாயு ஒத்திகை நடந்தபோது, வாயு வெளியேறிய பேரோசையே டிஸ்க்குகளைச் சேதப்படுத்தி, வங்கிச் சேவைகளைப் பல மணி நேரம் முடக்கியது. கத்தலின் முற்றிய வடிவம் அது.

கிரெக்கின் காணொளியை வேடிக்கையாகப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய. எனக்கு அது சர்வர் நிர்வாகத்துக்கான ஆகச் சிறந்த பாடமாகத் தோன்றுகிறது. சர்வர் மெதுவாக இருக்கிறது என்று பயனர் புகார் சொல்லும்போது, அந்த இயந்திரம் பெரும்பாலும் கடுமையாக உழைத்துக்கொண்டிருப்பதில்லை, எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. டிஸ்க்குக்காக, ஒரு பூட்டுக்காக, தரவுத்தள இணைப்புக்காக, வேறொரு சர்வரின் பதிலுக்காக. எங்கே, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையின் முக்கால் பங்கு. அதைச் செய்யாமல் அமைப்புகளை மாற்றத் தொடங்குவதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். நம் அலுவலகங்களில் அன்றாடம் நடப்பது அதுதான்.

காத்திருப்பு எவ்வளவு விலையுயர்ந்தது என்று உணர, கணினியின் நேர அளவுகளை மனித அளவுக்கு நீட்டிப் பார்க்கலாம். சிபியு தன் அருகிலுள்ள தற்காலிக நினைவகத்தைத் தொட ஏறக்குறைய 1 நானோநொடி ஆகிறது. அதை 1 நொடி என்று வைத்துக்கொண்டால், ரேமிலிருந்து தகவல் வர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியிலிருந்து வர ஒரு நாளுக்கு மேல். சுழலும் டிஸ்க்கிலிருந்து வர ஏறத்தாழ நான்கு மாதம். நிரலில் ஒரு கணக்கை இரண்டு மடங்கு வேகமாக்கி மகிழ்ந்துகொண்டிருக்கும்போது, அதே நிரல் தேவையில்லாமல் டிஸ்க்கை ஒரே ஒரு முறை தொட்டால் என்ன ஆகும் என்று இந்த விகிதங்களே சொல்லிவிடும்.

இந்தக் காத்திருப்பை முதன்முதலில் கணிதமாக்கியவர் கணினியைக் கண்டதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த அக்னர் க்ராரப் எர்லாங் 1908இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்த கணிதவியலர். ஒரு ஊருக்கு எத்தனை இணைப்புத் தடங்கள் போட்டால், அழைப்பவர்களில் எவ்வளவு பேர் தடம் கிடைக்காமல் திரும்புவார்கள் என்பது அந்நிறுவனத்தின் கவலை. அழைப்புகள் ஒழுங்காக இடைவெளி விட்டு வருவதில்லை, தற்செயலாகக் கொத்துக்கொத்தாக வருகின்றன என்ற உண்மையிலிருந்து தொடங்கி, 1909இலும் 1917இலும் எர்லாங் வெளியிட்ட கட்டுரைகளிலிருந்து வரிசைக் கோட்பாடு என்ற துறையே பிறந்தது. தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அந்தத் துறையின் மிக எளிய சூத்திரம் ஒன்றை ஒவ்வொரு சர்வர் நிர்வாகியும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கோரிக்கைகள் தற்செயலாக வருகின்றன, அவற்றை ஒரே ஒரு பணியாளர் கவனிக்கிறார், ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் ஏறியிறங்குகிறது என்று கொள்வோம். அப்போது மொத்தப் பதில் நேரம் என்பது வேலை நேரத்தை, அவர் ஓய்வாக இருக்கும் பங்கால் வகுத்தால் கிடைக்கும் எண். சராசரி வேலை நேரம் 10 மில்லிநொடி என்றால், பணியாளர் 50 சதவீதம் மும்முரமாக இருக்கையில் பதில் வர 20 மில்லிநொடி. 80 சதவீதத்தில் 50. 90 சதவீதத்தில் 100. 95 சதவீதத்தில் 200. 99 சதவீதத்தில் ஒரு முழு நொடி. 80இலிருந்து 90க்கு ஏறும் அதே பத்துப் புள்ளிகள், தொடக்கத்தில் ஒன்றுமே செய்வதில்லை. கடைசியில் எல்லாவற்றையும் செய்கின்றன. நேற்றுவரை நன்றாக ஓடிய சர்வர், பயனர்கள் ஐந்து சதவீதம் கூடியதும் படுத்துவிட்டது என்பதில் மர்மம் ஏதுமில்லை. வளைவின் செங்குத்தான பகுதிக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது. பல கோர்கள் பகிர்ந்து வேலை செய்யும்போது வளைவு சற்று வலதுபக்கம் நகரும், ஆனால் திரும்பும் இடத்தில் இன்னும் கூர்மையாகத் திரும்பும். காசு கொடுத்து வாங்கிய சர்வர் 60 சதவீதம்தான் வேலை செய்கிறது, வீணாகிறதே என்று கேட்கும் மேலாளருக்கு இந்த எண்களைக் காட்ட வேண்டும். மீதி 40 சதவீதம்தான் வேகத்தை வாங்கித் தருகிறது.

கோரிக்கைகள் வரும் விதமும் முக்கியம். இந்திய ரயில்களில் ஏசி வகுப்பு தட்கல் முன்பதிவு காலை 10 மணிக்குத் திறக்கிறது. நாள் முழுவதற்கும் சராசரி எடுத்து அந்த நிமிடத்துக்கான சர்வரைத் திட்டமிட முடியாது.

சராசரி இன்னொரு இடத்திலும் ஏமாற்றுகிறது. கத்தும் காணொளியில் எகிறியவை சில புள்ளிகள்தான். அவற்றை மற்ற ஆயிரக்கணக்கான புள்ளிகளோடு கலந்து சராசரி எடுத்தால் அவை கரைந்தே போய்விடும். அதனால்தான் பதில் நேரத்தைச் சதமானமாக அளக்கச் சொல்கிறார்கள்: நூற்றில் 99 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன? மிச்சமுள்ள அந்த ஒன்று யாரோ ஒருவருடைய பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு சர்வர் நூற்றில் ஒரு முறை மட்டும் ஒரு நொடிக்கு மேல் தாமதிக்கிறது. ஒரு பக்கத்தைத் தயாரிக்க அத்தகைய 100 சர்வர்களைக் கேட்டு, எல்லாப் பதில்களும் வந்த பிறகே பக்கத்தைக் காட்ட முடியும் என்றால், பயனர்களில் 63 சதவீதம் பேர் ஒரு நொடிக்கு மேல் காத்திருப்பார்கள். நூற்றில் ஒன்றாக இருந்த அபூர்வம், பெரும்பான்மையின் அனுபவமாகிவிடுகிறது. உங்கள் கண்காணிப்புப் பலகையில் சராசரி மட்டும் இருந்தால், இன்றே அதன் பக்கத்தில் 99ஆம் சதமானத்தைச் சேருங்கள்.

சரி, காத்திருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கிரெக் பின்னர் முன்வைத்த ஒரு முறை எளிமையானது, எல்லாச் சர்வருக்கும் பொருந்துவது. சிபியு, ரேம், டிஸ்க், நெட்வொர்க் என ஒவ்வொரு வளத்தையும் எடுத்து மூன்றே கேள்வி கேட்க வேண்டும்: எவ்வளவு பயன்பாட்டில் இருக்கிறது, அதன் வாசலில் வரிசை நிற்கிறதா, பிழைகள் பதிவாகியிருக்கின்றனவா. இரண்டாவது கேள்வியைத்தான் நாம் கேட்பதில்லை. நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் 2015இல், பிரச்சினையுள்ள லினக்ஸ் சர்வருக்குள் நுழைந்த முதல் 60 நொடிகளில் ஓட்ட வேண்டிய பத்துக் கட்டளைகளை வெளியிட்டார்கள். அப்டைம், கெர்னலின் கடைசிச் செய்திகள், விஎம்ஸ்டாட், எம்பிஸ்டாட், பிட்ஸ்டாட், ஐஓஸ்டாட், ஃப்ரீ, நெட்வொர்க்குக்காக இரண்டு முறை சார், கடைசியில்தான் டாப். டாப் திரையை மட்டும் பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் பொத்தானைத் தேடும் பழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

அந்தக் கட்டளைகள் காட்டும் எண்களைத் தவறாகப் படிப்பதும் சகஜம். லோடு ஆவரேஜ் 30 என்று இருந்தால் சிபியு திணறுகிறது என்று முடிவுகட்டிவிடுகிறோம். லினக்ஸில் 1993 முதல், சிபியுவுக்காக நிற்பவற்றோடு டிஸ்க் பதிலுக்காக இடைமறிக்க முடியாத உறக்கத்தில் இருக்கும் வேலைகளும் அந்த எண்ணில் சேர்கின்றன. நெட்வொர்க் வழியே இணைத்த ஒரு கோப்பு சேமிப்பகம் பதில் சொல்லாமல் போனால், சிபியு ஏறக்குறைய சும்மா இருக்கும்போதே லோடு நூறைத் தாண்டலாம். அப்போது கூடுதல் சிபியு வாங்குவது காசைக் கரியாக்குவது.

ரேமும் அப்படித்தான். ஃப்ரீ என்ற நெடுவரிசையில் சில நூறு எம்பி மட்டும் மீதி இருப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் வீணாக்காது. படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும், நிரல்கள் கேட்டால் விட்டுக்கொடுக்கும். நான்கு மாதப் பயணத்தை ஒன்றரை நிமிடமாக்குவது அந்தக் கிடங்குதான். பார்க்க வேண்டியது அவைலபிள் என்ற நெடுவரிசை. ஸ்வாப் கொஞ்சம் நிரம்பியிருப்பதும் தன்னளவில் குற்றமில்லை. விஎம்ஸ்டாட்டில் ஸ்வாப் உள்ளே, வெளியே என்ற இரண்டு எண்களும் நொடிக்கு நொடி ஓடிக்கொண்டே இருந்தால்தான் ஆபத்து.

மேகக் கணினிகளில் மேலும் இரண்டு காத்திருப்புகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, டாப் திரையின் சிபியு வரியில் கடைசியாக வரும் ஸ்டீல். உங்கள் மெய்நிகர் சர்வர் ஓடத் தயாராக இருந்தும், அதே இயந்திரத்திலுள்ள மற்றவர்களுக்குச் சிபியு போய்விட்ட நேரம் அது. உள்ளே எந்த அமைப்பை மாற்றியும் இதைக் குறைக்க முடியாது. இடத்தை மாற்ற வேண்டும், அல்லது தனிச் சிபியு உள்ள வகைக்குப் போக வேண்டும். இரண்டாவது இன்னும் நுட்பமானது. குபர்னெட்டிஸில் ஒரு கன்டெய்னருக்கு 1 சிபியு என்று உச்சவரம்பு வைத்தால், லினக்ஸ் அதை ஒவ்வொரு 100 மில்லிநொடிக்கும் 100 மில்லிநொடிச் சிபியு நேரம் என்று கணக்கிடுகிறது. உள்ளே 8 திரெட்கள் ஒரே சமயத்தில் ஓடினால் அந்த ஒதுக்கீடு பன்னிரண்டரை மில்லிநொடியில் தீர்ந்துவிடும். மீதி எண்பத்தேழரை மில்லிநொடி முழு நிரலும் உறைந்து நிற்கும். இது அவ்வப்போது மட்டும் நடந்தால், நிமிடச் சராசரியில் சிபியு 30 சதவீதம் என்றே காட்டக்கூடும். பயனருக்கு மட்டும் இழுத்து இழுத்து வரும். கன்டெய்னரின் த்ராட்லிங் எண்ணிக்கையை ஒரு முறையாவது எட்டிப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இல்லாவிட்டால், பல நாள் தேடிய விடை அதுவாக இருக்கக்கூடும்.

இனி அமைப்புகளைத் தொடலாம். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. லினக்ஸ் கெர்னலில் டிசிபி-டிடபிள்யூ-ரீசைக்கிள் என்றொரு அமைப்பு இருந்தது. முடிந்துபோன இணைப்புகளின் மிச்சத்தைச் சீக்கிரம் துடைத்துவிடும் என்பதால், சர்வரை வேகமாக்கும் வழிகள் என்று சுற்றிவந்த எண்ணற்ற பட்டியல்களில் அது இடம்பெற்றது. ஒரே ஐபி முகவரியிலிருந்து வரும் எல்லாவற்றையும் ஒரே கணினி என்று கருதி, அவற்றின் நேரமுத்திரைகள் முன்னோக்கியே நகர வேண்டும் என்று அது எதிர்பார்த்தது. ஒரு முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் அலுவலக நெட்வொர்க்கிலோ மொபைல் நெட்வொர்க்கிலோ அந்த எதிர்பார்ப்பு உடனே பொய்த்துவிடும். சிலருடைய இணைப்புக் கோரிக்கைகள் சத்தமில்லாமல் தூக்கியெறியப்பட்டன. எனக்கு வருகிறது, உனக்கு ஏன் வரவில்லை என்று ஒரே அறைக்குள் பேசிக்கொள்ளும் விசித்திரம். 2017இல் 4.12ஆம் பதிப்போடு கெர்னலிலிருந்தே அதை நீக்கிவிட்டார்கள். அதன் வரி இன்னமும் பழைய அமைப்புக் கோப்புகளில் நகலெடுக்கப்பட்டு வாழ்கிறது. ஆலோசனைகளுக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதற்கு இன்னொரு சான்று: பெரிய நினைவகப் பக்கங்களைக் கெர்னல் தானாகவே உருவாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள் என்று நெடுங்காலம் சொல்லிவந்த மாங்கோடிபி தரவுத்தளம், தன் 8.0 பதிப்பிலிருந்து அதை இயக்கிவையுங்கள் என்கிறது. எந்தப் பதிப்புக்கு, எந்த வகைச் சுமைக்குச் சொல்லப்பட்டது என்று தெரியாத எந்த வரியையும் உங்கள் சர்வரில் ஏற்றாதீர்கள்.

நிறுவனச் சர்வர்களில் பெரும்பாலான காத்திருப்பு தரவுத்தளத்தில்தான் முடியும் என்பதால் போஸ்ட்கிரெஸை எடுத்துக்கொள்கிறேன். முதலில் மாற்ற வேண்டியவை சிலவே. பகிர்வு நினைவகம் இயல்பாக 128 எம்பி. தரவுத்தளத்துக்கென்றே ஒதுக்கிய சர்வரில் மொத்த ரேமின் கால் பங்கிலிருந்து தொடங்கலாம் என்கிறது அதன் ஆவணம். வரிசைப்படுத்தும் வேலைகளுக்கான நினைவகம் இயல்பாக 4 எம்பி. இதைத் தாராளமாக உயர்த்துமுன், அது ஒரு சர்வருக்கான வரம்போ ஒரு இணைப்புக்கான வரம்போகூட இல்லை, ஒரு குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியான வரம்பு என்பதை நினைவில் வைக்க வேண்டும். 200 இணைப்புகள் உள்ள இடத்தில் 256 எம்பி என்று எழுதிவிட்டு, பிறகு நினைவகம் தீர்ந்து கெர்னலே தரவுத்தளத்தைக் கொன்றுவிட்டது என்று வியப்பதில் பொருளில்லை. டிஸ்க்கில் தாவித்தாவிப் படிப்பதற்கான செலவு மதிப்பு இயல்பாக 4. சுழலும் டிஸ்க் காலத்து எண் அது. எஸ்எஸ்டி இருந்தால் 1.1 அளவுக்குக் குறைத்தால், இன்டெக்ஸ் இருந்தும் முழு அட்டவணையைத் துழாவும் சில குவெரிகள் திருந்திவிடும். ஆனால் இவை எல்லாம் சேர்ந்து தரும் பலனைவிட, மிக அதிக நேரம் தின்னும் ஐந்து குவெரிகளைக் கண்டுபிடித்து, அவற்றின் செயல்திட்டத்தை எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் வழியே படித்து, விடுபட்ட ஓர் இன்டெக்ஸைச் சேர்ப்பது பல மடங்கு பெரிய பலனைத் தரும்.

இணைப்புகளின் எண்ணிக்கை தனியாகப் பேசப்பட வேண்டியது, ஏனென்றால் இங்கேதான் உள்ளுணர்வு முற்றிலும் தவறாக வழிகாட்டுகிறது. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி ஒன்று சொல்கிறது: ஓர் அமைப்புக்குள் ஒரே நேரத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கை, வரும் வேகத்தையும் ஒருவர் உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. நொடிக்கு 200 கோரிக்கைகள், ஒவ்வொன்றும் கால் நொடி தங்குகிறது என்றால் உள்ளே சராசரியாக 50 இருக்கும். ஏதோ காரணத்தால் தங்கும் நேரம் 2 நொடியாகிவிட்டால் 400. உச்சவரம்பு 100 இணைப்புகள் என்றால் மற்றவை வெளியே நிற்கும், பயன்பாட்டு நிரல் இணைப்பு கிடைக்கவில்லை என்று அலறும். உடனே உச்சவரம்பை 500 ஆக்குகிறோம். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் தனிப் புராசஸ். 8 கோர்களுக்கு 400 புராசஸ்கள் அடித்துக்கொள்ளும்போது, ஒன்றை நிறுத்தி இன்னொன்றை ஏற்றும் செலவும் பூட்டுகளுக்கான போட்டியும் கூடி, தங்கும் நேரம் மேலும் நீளும். பலரும் பின்பற்றும் தொடக்கக் கணக்கு, கோர்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி டிஸ்க்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. 8 கோர் சர்வருக்கு அது 20க்குள் அடங்கிவிடும். முன்னால் பிஜிபவுன்சர் போன்ற ஒன்றை வைத்து, மற்றவர்களை அங்கே ஒழுங்காக நிற்கவைத்தால், எல்லோருக்குமே வேலை சீக்கிரம் முடியும். எண்ணிக்கையைக் குறைத்து வேகத்தைக் கூட்டலாம் என்பதை முதல் முறை கேட்பவர்கள் நம்புவதில்லை. அளந்து காட்டினால் நம்புகிறார்கள்.

நெரிசலில் சிக்கிய அமைப்பைத் திரும்பத் திரும்பத் தட்டுவது அதைச் சாகடிக்கும் என்பதும் பழைய அனுபவம்தான். 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, 400 கஜ தொலைவில், நொடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பின் வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. கம்பி அறுந்துவிடவில்லை. பதில் வரத் தாமதமானதும் ஒவ்வொரு கணினியும் தொலைந்தது என்று நினைத்து அதே பொட்டலத்தை மறுபடி அனுப்பியது. அந்த மறுபிரதிகளே நெரிசலைப் பெருக்கின. மெதுவாகத் தொடங்கு, இழப்பைக் கண்டால் வேகத்தைப் பாதியாகக் குறை என்று வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வுதான் இணையத்தை நிற்க வைத்தது. அதே தவறு இன்று பயன்பாட்டு நிரல்களில் நடக்கிறது. மூன்று அடுக்குச் சேவைகளில் ஒவ்வோர் அடுக்கும் மொத்தம் மூன்று முறை முயன்றால், அடியில் உள்ள தரவுத்தளத்தை ஒரே கோரிக்கை 27 முறை தட்டும். மறுமுயற்சியை ஒரே அடுக்கில் மட்டும் வையுங்கள். ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள், அதில் சிறிது தற்செயலையும் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் ஒரே நொடியில் மறுபடி வந்து நிற்பார்கள். காத்திருப்புக்கு ஓர் உச்சவரம்பும் வேண்டும். பயனர் போய்விட்ட பிறகும் அவருக்கான பதிலைத் தயாரித்துக்கொண்டிருக்கும் சர்வர், இருக்கிற பயனரைக் காக்கவைக்கிறது.

இதில் ஆழமாக இறங்க விரும்புவோருக்கு, கிரெக்கின் சிஸ்டம்ஸ் பெர்ஃபார்மன்ஸ் நூலின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பைப் பரிந்துரைக்கிறேன்; கூகுள் பொறியாளர்கள் 2016இல் எழுதிய சைட் ரிலையபிலிட்டி எஞ்சினியரிங் நூலை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். டிஸ்க் தாமதத்தைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்ட அன்று சன் நிறுவனத்தின் தனிக் கருவி தேவைப்பட்டது. இன்று லினக்ஸில் பயோலேட்டன்சி என்ற சிறு கருவி, ஓடும் சர்வரை நிறுத்தாமலே அந்தப் பரவலை எடுத்துத் தருகிறது.

புதிய சர்வரைப் பயன்பாட்டுக்கு விடுமுன் செய்யும் சுமைச் சோதனையில் ஒரு பொறி உண்டு. பல சோதனைக் கருவிகள், ஒரு கோரிக்கைக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புகின்றன. சர்வர் 10 நொடி உறைந்துவிட்டால் கருவியும் 10 நொடி பொறுமையாக நிற்கிறது. ஒரே ஒரு மோசமான பதிவுதான் கணக்கில் ஏறும். உண்மையான பயனர்கள் அந்தப் பத்து நொடியிலும் வந்துகொண்டேயிருப்பார்கள், அத்தனை பேரும் காத்திருப்பார்கள். இந்தக் குறையை கில் டெனே என்ற பொறியாளர் விடாமல் எடுத்துச்சொல்லி, நிலையான வேகத்தில் அனுப்பும் டபிள்யூஆர்கே2 என்ற கருவியையும் எழுதினார். அத்தகைய கருவியைக்கொண்டு நொடிக்கு 100, 200, 300 என்று கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு படியிலும் 99ஆம் சதமானத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது எந்த எண்ணிக்கையில் வளையத் தொடங்குகிறதோ, அதுதான் அந்தச் சர்வரின் உண்மையான கொள்ளளவு. ஓர் அமைப்பை மாற்றினால் அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், வளைவு நகராவிட்டால் மாற்றத்தைத் திரும்பப் பெறுங்கள். பயன்பாட்டுக்கு வந்த பிறகு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்களைச் சேமிக்கும் சார் சேவையை முதல் நாளிலேயே இயக்கிவிடுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் அதை நிறுவிய பிறகு நீங்களே இயக்கிவைக்க வேண்டியிருக்கலாம் என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.